கஜா புயலுக்குப் பிறகு கிணறு உப்பாகவே இருக்கிறது, இறைப்பதா விடுவதா?

ஊர் வேதாரண்யம் பக்கம், கடலிலிருந்து முக்கால் கிலோமீட்டர். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையேறியபோது கடல் நீரும் சேறும் கொல்லை வரை வந்து கிணற்றை மூடிவிட்டது. ஏழு மாதம் ஆகியும் தண்ணீர் வாயில் வைக்க முடியவில்லை.

18 அடி உறைக்கிணறு, மணல் தரை, 1 ஹெச்பி மோட்டார். புயலுக்கு முன் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 600 போல இருந்தது. சேறு அள்ளிய பிறகு 6,800. முதல் மாதத்தில் மூன்று முறை அடிவரை இறைத்தேன். இறைத்த அன்று குறையும், இரண்டு நாளில் பழையபடி ஏறும். மூன்றாவது முறை முன்பைவிட அதிகமாகவே காட்டியது. அப்புறம் நிறுத்திவிட்டேன். கோடையில் பெய்த ஒரு மழைக்குப் பிறகு தானாக 3,900க்கு வந்து அங்கேயே நிற்கிறது. பிளீச்சிங் பவுடரும் போட்டுப் பார்த்தாயிற்று. அது கிருமிக்குத்தான், உப்பை என்ன செய்யும்? பக்கத்து வீட்டு 60 அடி போர் இதைவிடக் கரிக்கிறது, அதனால் ஆழப்படுத்தும் யோசனை இல்லை. முல்லைச் செடிகள் போய்விட்டன, மிச்சமிருக்கும் தென்னைக்காவது ஊற்ற வேண்டும்.

மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது, வேகமாக இறைத்தால் அடி உப்பு மேலே ஏறும் என்று படித்தேன். என் கிணற்றில் நடந்ததும் அதுதான் போலிருக்கிறது.

சுனாமி சமயத்திலோ கஜாவிலோ கிணறு கெட்டு மீண்டவர்கள் சொல்லுங்கள்: ஐப்பசி மழை வரை தொடாமல் விட்டு, கூரைத் தண்ணீரைக் கிணற்றுக்குள் விடுவதா, இல்லை தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மேல் தண்ணீரை மட்டும் இறைப்பதா?