அஃபர்வாட் முகட்டில் 'வும்ப்' கேட்டவர்கள் எழுதுங்க

மலைக்காகம்:
காஷ்மீர் குல்மார்க்கில் கோண்டோலா (கம்பிவட வண்டி) இரண்டாம் கட்டத்தில் இறங்கி, ரோந்துக்குழு பார்த்துக்கொள்ளும் கிண்ணம் போன்ற சரிவைத் தாண்டிய பகுதி. பனி கொட்டி ஓய்ந்த மறுநாள், பளிச்சென்று வெயில். திடீரென்று காலடியில் 'வும்ப்' என்று பனி அமுங்கும் சத்தம். நின்ற இடம் ஒரு விரற்கடை இறங்கியது, ஸ்கீ முனையிலிருந்து கிளம்பிய விரிசல் பாறை வரை ஓடியே போய்விட்டது. சரிவு 25 டிகிரிதான், அதனால் எதுவும் பெயரவில்லை. குழி வெட்டினால் மேலே 60 செ.மீ. காற்று இறுக்கிய பனிப்பலகை. அடியில், சில்லை கலான் எனும் காஷ்மீரின் கடுங்குளிர் நாட்களில் ஒட்டாமல் போன பழைய பனி, அள்ளினால் சீனியாக உதிர்கிறது. விரிசல் ஓடிய வேகம் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

தூள்பனி:
25 டிகிரி காப்பாற்றியது என்பது பாதிதான் சரி அண்ணா. உடைவு அடியடுக்கு வழியாகவே பரவும். மணாலி பக்கம் சோலாங்குக்கு மேலே ஆள் மிதித்தது சமதளம், பெயர்ந்தது தலைக்கு மேலே இருந்த சரிவு. பலகையாகப் பனி பெயர்வது பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான். அதனால் காலடியை மட்டுமல்ல, மேலே தொங்குவதையும் அளக்கணும். போனில் சாய்வுமானி இருக்கிறது, கம்பை சரிவில் படுக்க வைத்து அதன்மேல் வைத்தால் போதும்.

குழிவெட்டி:
குழி வெட்டினேன் என்பவர்கள் என்ன சோதனை செய்தார்கள் என்று மட்டும் சொல்லவே மாட்டார்கள். குறுக்கே 90 செ.மீ., சரிவின் மேல்நோக்கி 30 செ.மீ. என்று ஒரு பனித்தூண் வெட்டணும். பின்பக்கத்தை முடிச்சுக் கயிற்றால் அறுத்துவிடணும். ஒரு ஓரத்தில் மண்வாரியை வைத்து மணிக்கட்டிலிருந்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. உடைவு தொடங்கிய அதே தட்டிலோ அடுத்ததிலோ தூண் முழுக்க ஓடினால் திரும்பி இறங்குங்க. ஓடவில்லை என்றால் அந்த ஒரு இடத்தில் ஓடவில்லை, அவ்வளவுதான். 'வும்ப்' கேட்டபிறகு குழியே வேண்டாம், மலையே பதில் சொல்லியாச்சு.

பீக்கன்பாய்:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பீக்கன் (புதைந்தவரைத் தேட உடம்பில் கட்டும் சிக்னல் கருவி) இருந்தால், போனை அதிலிருந்து 20 செ.மீ. தள்ளி வையுங்க, தேடும்போது 50 செ.மீ. ஒருத்தர் புதைந்தால் மற்ற எல்லாரும் உடனே தேடல் நிலைக்கு மாறணும். ஒருத்தர் மறந்து அனுப்பு நிலையிலேயே விட்டால் அவரையே சுற்றிக்கொண்டிருப்பீர்கள். 3 மீட்டருக்குள் வந்ததும் பீக்கனைப் பனியோடு ஒட்டிப் பிடித்து மெதுவாக நகர்த்துங்க. எண் மிகக் குறைந்த இடத்திலிருந்து சுருளாக, 25 செ.மீ. இடைவெளியில் குத்துகம்பியால் பனியைக் குத்திப் பாருங்க. சரிவுக்குச் செங்குத்தாகக் குத்தணும், நேர் கீழே அல்ல. தட்டுப்பட்டால் கம்பியை உருவாதீங்க! அதன் கீழ்ப்பக்கம், ஆழத்தில் ஒன்றரை மடங்கு தள்ளி நின்று தோண்டுங்க. நேர்மேலே நின்றால் புதைந்தவர் மூச்சுவிட இருக்கும் காற்றிடத்தை மிதித்து நசுக்கிவிடுவோம்.

வடமுனை:
இவ்வளவு பதற்றம் எதற்கு? 2016 பிப்ரவரியில் சியாச்சின் சோனம் ராணுவச் சாவடியில் பனிச்சரிவில் புதைந்த, மெட்ராஸ் ரெஜிமென்டின் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை ஆறு நாள் கழித்து உயிரோடு எடுத்தார்களே.

குழிவெட்டி:
அவர் இருந்தது கூடாரத்துக்குள். அவரோடு புதைந்த ஒன்பது பேர் பிழைக்கவில்லை, அவரும் பிப்ரவரி 11 அன்று டெல்லி மருத்துவமனையில் இறந்தார். வெறும் உடம்போடு புதைந்தவருக்கு முதல் 10 நிமிடம்தான் கணக்கு. அரை மணி தாண்டினால் பெரும்பாலோர் மூச்சடைத்துப் போய்விடுகிறார்கள்.

மலைக்காகம்:
பீக்கன்பாய், ரீசார்ஜ் பேட்டரி போடலாமா?

பீக்கன்பாய்:
கூடாது. கையேடு வேறு சொன்னால் ஒழிய அல்கலைன்தான். ரீசார்ஜ் பேட்டரி கடைசி வரை நிறையக் காட்டிவிட்டு திடீரென்று விழும்.