மறு: ஏடிஎச்டி – 'கவனக்குறைவு' வேண்டாமே

> 'கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு' ஏற்கெனவே புழங்குகிறதே, எதற்கு மாற்ற வேண்டும்?

கவனத்தை வேண்டிய இடத்தில் நிறுத்துவது கடினமாகி, பலருக்கு ஓயாத துறுதுறுப்பும் (மிகையியக்கம்) சேர்ந்திருக்கும் நிலைதான் ஏடிஎச்டி (ADHD). அதற்குத் தமிழில் இந்தப் பெயர் புழங்குவதுதான் சிக்கல் ஐயா. 'ஓட்டுநரின் கவனக்குறைவால் விபத்து' என்று படித்துப் பழகிய நமக்கு அது குற்றத்தின் பெயர். கூட்டலைக் கழித்தலாகப் படித்த பையனின் விடைத்தாளில் ஆசிரியர் எழுதுவதும் அதே சொல்தான். மருத்துவரும் அதையே எழுதித் தந்தால், 'பையனுக்கு அசட்டை, நாலு அதட்டு அதட்டினால் சரியாகிவிடும்' என்றுதான் பெற்றோர் எடுத்துக்கொள்வார்கள்.

பொருளும் பொருந்தவில்லை. பிடித்த விளையாட்டில் இறங்கிவிட்டால் இந்தப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் காதில் விழாது. 'இதுக்கு மட்டும் கவனம் வருதா?' என்று அதற்கும் திட்டு. கவனம் இருக்கிறது, வேண்டிய இடத்துக்குத் திருப்புவதும் அங்கே நிறுத்துவதும்தான் கைகூடுவதில்லை. இதில் மரபுவழியின் பங்கு பெரிது. வளர்ப்பின் பிழையும் அல்ல, சர்க்கரையின் வேலையும் அல்ல.

> 'கவன ஒழுங்கின்மை'?

பக்கத்திலேயே 'ஒழுங்கீனம்' நிற்கிறதே! 'கவனத் தளும்பல்' என்று நானே எழுதிப் பார்த்தேன். குறைகுடம் நினைவுக்கு வந்ததும் அழித்துவிட்டேன். 'கவனச்சிதறல்' கைபேசி சிணுங்கினால் எனக்கும் உண்டு.

என் முன்மொழிவு: கவன வசமின்மை. கவனம் உண்டு, வசப்படவில்லை. 'வசம்' வடசொல் என்பீர்கள். அதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைத்தால் மாற்றிக்கொள்வோம்.

> மிகையியக்கம் தலைப்பில் இருந்தே ஆக வேண்டுமா?

நல்ல கேள்வி. மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டிலேயே இந்தப் பெயர் நிலையாக இருந்ததில்லை. 1968 பதிப்பில் மிகையியக்கம்தான் பெயரே. 1980இல் கவனம் முன்னுக்கு வந்தது, மிகையியக்கம் இருந்தும் இல்லாமலும் என இரு வகை. 1987இல் இரண்டையும் ஒட்டிவிட்டார்கள். பெயரில் இயக்கம் இருப்பதால், ஓடாமல் குதிக்காமல் சன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சிறுமி யார் கண்ணிலும் படுவதில்லை. 'கனவு காண்கிறாள்' என்பதோடு சரி. பதின்பருவத்தில் பலருக்கு ஓட்டம் அடங்கி உள்ளுக்குள் பரபரப்பாகத் தங்கிவிடுகிறது. வீட்டில் 'வளர்ந்ததும் போயிடுச்சு' என்று நிம்மதி. பலருக்குப் பெரியவர்களான பின்னும் அது தொடர்கிறது.

ஆகவே பொதுப்பெயர் கவன வசமின்மை. மிகையியக்கம் உள்ள வகைக்கு மட்டும் அதை அடையாக வைக்கலாம்.

கடைசியில் ஒட்டுவது கோளாறா, குறைபாடா? இரண்டுமே எனக்கு உறுத்துகிறது. நீங்களே சொல்லுங்கள்.