டீசல் வண்டிப் புகை: என்ன நிறம் பார்த்தீர்கள், கோளாறு எங்கே இருந்தது?

மலைப்பாதை லாரி:
போன மழைக்காலம், திம்பம். 27 கொண்டை ஊசி வளைவில் பாதிதான் ஏறியிருப்பேன், பின்னால் வந்த பைக்கைக் கண்ணாடியில் காணோம். அவ்வளவு கரும்புகை, இழுவையும் இல்லை. மெதுவாகத் திருப்பிக் கீழே இறக்கினேன். மெக்கானிக் பானெட்டைத் திறக்காமலே "நாசில் போச்சு" என்றார், இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் முனையைத்தான். நாசில் மாற்றி, பம்பைக் கேலிபரேஷன் செய்து 18 ஆயிரம் கொடுத்தேன். புகை அப்படியே. கடைசியில் கடைப் பையன்தான் என்னை ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொல்லி டர்போ ஹோஸை, அதாவது இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவின் குழாயைத் தடவிப் பார்த்தான். ஐடிலிங்கில் ஒன்றும் தெரியவில்லை. மிதித்ததும் ஹோஸின் அடியில் ஒரு கீறல் மீன் வாய் மாதிரி திறந்தது, விட்டதும் மூடிக்கொண்டது. காற்று அத்தனையும் அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. காற்று போதாமல் டீசல் சரியாக எரியாததுதான் கரும்புகை.

ஊட்டிக் குளிர்:
முதலில் ஏர் ஃபில்டரையாவது பார்த்தீர்களா அண்ணே? சரி, எனக்கு வெள்ளைப் புகை. குளிருக்கு அப்படித்தான் வரும், சூடானால் நின்றுவிடும் என்றார்கள். பத்து கிலோமீட்டர் ஓடியும் நிற்கவில்லை. சைலன்சர் பக்கம் குனிந்தேன். டீசல் நெடி இல்லை, ஏதோ இனிப்பு வாடை. கூலண்ட் டப்பாவைப் பார்த்தால் பாதி காலி. இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய், கூலண்ட் உள்ளே கசிந்திருக்கிறது.

பழைய டிரைவர்:
தம்பி, வெள்ளை எல்லாமே கேஸ்கெட் ஆகாது. கண் எரிந்தால் அது எரியாத டீசல். குளிரில் சூடேற்றும் குளோ பிளக், டீசல் தெளிக்கும் டைமிங், சிலிண்டர் கம்ப்ரெஷன் மூன்றையும் பார்க்க வேண்டும். என் வண்டியில் நீலம் வந்தது, பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் எரிந்தது, அவ்வளவுதான் கதை. ஆனால் எல்லோரும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். டர்போ சீல் போனாலும் நீலம்தான். ஆயில் அதிகமாக உள்ளே போனால் இன்ஜின் அதையே குடித்துத் தானாக வேகம் ஏறும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. கியர் வண்டி என்றால் டாப் கியரில் போட்டு, பிரேக்கை அழுத்தி, கிளட்சை விட்டு அணைக்க வேண்டும். ஏர் இன்டேக்கில் கையை மட்டும் வைத்துவிடாதீர்கள். அப்புறம், பிஎஸ் 6 வண்டியில் கரும்புகையை டிபிஎஃப் என்கிற சைலன்சர் பக்க ஃபில்டர் பிடித்துக்கொள்ளும். புகை இல்லையே என்று ஏமாந்து ஃபில்டர் விளக்கைக் கவனிக்காமல் விடாதீர்கள். ஆயில் கேஜை வாரம் ஒரு முறை...

மலைப்பாதை லாரி:
ஐயா, நான் அந்த வண்டியை விற்று ஒரு மாதமாகிறது. வாங்கினவர் நேற்று போன் செய்தார். இப்போது நீலமாம்.