குழாயில் தண்ணீர் நின்ற 22ஆம் ஆண்டு: ‘எர்த் அபைட்ஸ்’ படித்தவர்களின் அனுபவங்கள்

தோ பாயோ வாசகி:

2020 ஏப்ரலில் கொவிட் நோய்ப்பரவல் முறியடிப்புக் காலத்துக்காக (பொதுமுடக்கம்) சிங்கப்பூரில் நூலகங்கள் மூடப்படுவதற்குச் சற்று முன்பு, கையில் அகப்பட்ட நாவல்களை அள்ளிக்கொண்டு வந்தேன். அவற்றில் ஒன்று ஜார்ஜ் ஆர். ஸ்டூவர்ட் 1949இல் எழுதிய ‘எர்த் அபைட்ஸ்’. கொள்ளைநோயில் ஏறக்குறைய எல்லாரும் மடிந்த பிறகு மிஞ்சிய இஷ் என்பவனின் கதை. மலையில் பாம்பு கடித்துத் தனியே கிடந்தவன் இறங்கி வருகிறான், ஊரில் ஆளில்லை.

இந்த நேரத்தில் இதைப் படிக்க வேண்டுமா என்று கணவர் கேட்டார். ஆனால் என்னை உலுக்கியது சாவு அல்ல, ஒரு தண்ணீர்க் குழாய். இஷ் கலிஃபோர்னியாவில் எம் என்ற பெண்ணோடு குடும்பமாகிறான். இன்னும் சிலர் வந்து சேர்கிறார்கள், பிள்ளைகள் பெருகுகிறார்கள். மின்சாரம் எப்போதோ போய்விட்டது. குழாயில் மட்டும் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது. 22ஆம் ஆண்டில் அதுவும் நின்றுவிடுகிறது. அத்தனை பெரியவர்கள் இருந்தும் அந்தக் குழாயைப் பராமரிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை! எனக்கு இஷ்மீதுதான் கோபம். படித்தவன். பக்கத்திலேயே பல்கலைக்கழக நூலகம் அப்படியே நிற்கிறது. அதைப் புதையல்போல் மதிக்கிறான், ஆனால் திறந்து படிக்கத் தெரிந்த தலைமுறையை அவனால் உருவாக்க முடியவில்லை.

எல்லை திறந்த பிறகு மலேசியாவின் ஜோகூருக்கு பஸ்ஸில் போனபோது, இரு நாடுகளையும் இணைக்கும் கடற்பாலத்தை ஒட்டி ஓடும் பெரிய குழாய்களை மகனுக்குக் காட்டினேன். 1942 ஜனவரி 31 அன்று பிரிட்டிஷ் படை அந்தப் பாலத்தைத் தகர்த்தபோது ஜோகூரிலிருந்து வந்த தண்ணீர்க் குழாயும் உடைந்தது. பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்ததற்குத் தண்ணீர்த் தட்டுப்பாடும் ஒரு காரணம். ஜோகூரிலிருந்து தண்ணீர் பெறுவதற்கான 1962ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2061இல் முடிகிறது, அப்போது உனக்கு ஐம்பது வயதாகியிருக்கும் என்றேன். அவன் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் புதுநீரைப் பற்றியும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளைப் பற்றியும் பள்ளியில் படித்ததை மடமடவென்று சொன்னான். பிறகு அவனே கேட்டான்: “அந்த ஆலைகளுக்கு மின்சாரம் வராவிட்டால்?” அந்தக் கேள்வியை நாவலில் ஒரு பிள்ளையாவது கேட்டிருக்கலாம்.

பொத்தோங் பாசிர் வாசகர்:

அம்மா, உங்கள் கோபம் நியாயந்தான். ஆனாலும் இஷ் பக்கம் நின்று ஒரு வார்த்தை. 1963 வறட்சியில் தண்ணீர்ப் பங்கீடு வந்தபோது நான் சிறுவன். எங்கள் கம்பத்து (கிராமத்து)ப் பொதுக்குழாயின் முன் வாளியோடு நிற்போம். எப்போது திறப்பார்கள் என்பதுதான் பேச்செல்லாம். நீர்த்தேக்கத்தைப் பற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பேசி நான் கேட்டதில்லை.

நாவலை நான் படித்தது பணி ஓய்வுக்குப் பிறகு. இஷின் பிள்ளைகளில் எழுத்தில் நாட்டம் கொண்டவன் ஜோயி. தன் நம்பிக்கை முழுவதையும் இஷ் அவன்மேல் வைக்கிறார். டைஃபாய்டு அவனைக் கொண்டுபோகிறது. அதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அதன் பிறகு இஷ் தாம் பிள்ளைகளுக்கு நடத்திவந்த பள்ளிக்கூடத்தைக் கைவிட்டு வில்லும் அம்பும் செய்யக் காட்டித் தருகிறார். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. ஆனால் துப்பாக்கித் தோட்டா தீர்ந்துபோனாலும் அவர்கள் வேட்டையாடிப் பிழைத்துக்கொள்வார்கள். அந்த முடிவுக்கு வர அவர் எவ்வளவு விட்டுக்கொடுத்திருக்க வேண்டும்! என் பேத்தி தமிழில் எண்ணக் கற்றதும் பல்லாங்குழி ஆடித்தான். பயிற்றுநூலை வைத்து நாங்கள் சொன்ன எதுவும் அவளிடம் ஒட்டவில்லை.

செங்காங் வாசகி:

ஐயா, நான் தாதியாக வேலை செய்தவள். டைஃபாய்டு அத்தியாயத்தை என்னால் கதையாக மட்டும் படிக்க முடியவில்லை. அசுத்தமான நீராலும் உணவாலும் பரவும் நோய் அது. அந்தக் கூட்டத்தில் நான் இருந்திருந்தால் வில்லுக்கு முன்பே மூன்று பழக்கங்களைப் பிள்ளைகளுக்கு ஏற்படுத்தியிருப்பேன்: குடிநீரைக் கொதிக்க வைப்பது, கழிப்பிடத்தை நீர்நிலையிலிருந்து தள்ளி வைப்பது, சாப்பிடும் முன் கை கழுவுவது. ஏன் என்று பிள்ளைகளுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை, செய்தால் போதும்.

சார்லி என்ற அந்நியனைக் கொன்றுவிடுவதென்று பெரியவர்கள் வாக்களித்து முடிவு செய்யும் இடத்தைப் பற்றி இங்கே யாரும் எழுதவில்லையே. எனக்கு அதில் இன்றுவரை மனம் ஒப்பவில்லை. படித்தவர்கள் எழுதுங்கள்.