மூஸ் வேட்டைக்கு முதல் துவக்கு: எந்தக் காலிபர் (தோட்டா அளவு) எடுப்பது?

கேள்வி: தண்டர்பே_புதியவன்

வணக்கம். ஸ்காபரோவில் இருந்து வேலைக்காக ஒன்ராறியோவின் வடமேற்கில் உள்ள தண்டர் பே வந்து நான்கு வருடம் ஆகிறது. கூட வேலை செய்பவர்கள் தங்கள் மூஸ் (மிகப் பெரிய காட்டு மான்) வேட்டைக் குழுவில் இந்த ஒக்டோபர் எனக்கும் இடம் தந்திருக்கிறார்கள். துவக்கு அனுமதிப்பத்திரம், வேட்டைப் பாடம் இரண்டும் முடித்துவிட்டேன். துவக்குதான் இன்னும் வாங்கவில்லை.

போன கடையில் .338 வின்செஸ்டர் மக்னம் (மருந்து கூடிய பலத்த தோட்டா) எடுக்கச் சொன்னார்கள். அதற்குக் குறைந்தால் மூஸ் விழாதாம். குழுவில் ஒருவர் .308 போதும் என்கிறார். இன்னொருவர் தாத்தா விட்டுப்போன .303 லீ என்ஃபீல்டோடுதான் இன்றும் காட்டுக்குப் போகிறார். என்னால் ஒரு துவக்குதான் வாங்க முடியும், பிறகு வெள்ளைவால் மானுக்கும் அதுவே உதவ வேண்டும். எனக்கு வலது தோள் ஒரு தடவை கழன்று பூட்டியது, சுடும்போது துவக்கு தோளில் உதைக்கிற பெரிய உதை தாங்குமா என்று பயமாக இருக்கிறது. மிருகத்தை வதைக்காமல் முடிக்க வேண்டும், அதுதான் எனக்கு முக்கியம். எதை எடுக்கட்டும்?

பதில்: அல்பேர்ட்டா_மலையடி

நான் .300 வின்செஸ்டர் மக்னம் வைத்திருக்கிறேன். ராக்கி மலையடிவாரத்தில் எல்க் (இங்கே இது மூஸ் அல்ல, வேறொரு பெரிய மான்) சுடும்போது 300 மீட்டர் தூரம்கூட வரும், அதற்கு இது நல்ல துவக்கு. உங்கள் பக்கம் அடர்காடு. தோளும் பழுது என்றால் .30-06 எடுங்கள்.

பதில்: நிப்பிகன்_அண்ணை

தம்பி, .338 வேண்டாம். அது கெட்ட துவக்கு என்று சொல்லவில்லை. அலாஸ்காவில், யூக்கோனில் பெரிய கரடி திரியும் இடத்தில் அதற்கு வேலை இருக்கிறது. உங்களுக்கு இது முதல் துவக்கு, தோளும் பழுது. .30-06 உதைப்பதைப் போல ஒன்றரை மடங்கு உதைக்கிற துவக்கோடு நீங்கள் பழக மாட்டீர்கள், பயப்படத்தான் செய்வீர்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2006 இல் நானும் இப்படி ஒரு கடைப் பேச்சைக் கேட்டு மக்னம்தான் வாங்கினேன். சுடுதளத்தில் ஒரு பெட்டி முடிக்குமுன் தோள் கன்றிப்போனது, அதோடு பயிற்சியை நிறுத்திவிட்டேன். அந்த ஒக்டோபரில் ஓடைக்கரைப் பற்றைக்குள் இருந்து ஓர் ஆண் மூஸ் வெளியே வந்து நின்றது. 80 மீட்டர்கூட இராது, பக்கவாட்டில் நின்றது, அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. விசையை இழுக்குமுன்பே என் கண் மூடிவிட்டது, தோளும் பின்வாங்கிவிட்டது. குண்டு வயிற்றில் பட்டது. பொழுதும் பட்டு, தூறலும் பிடித்துக்கொண்டது. அடுத்த நாள் காலை பதினொரு மணிக்குத்தான் கண்டுபிடித்தோம். இறைச்சியில் பாதி பழுது. அந்த மிருகம் ஓர் இரவு முழுக்கக் கிடந்து செத்தது என்பதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

அடுத்த வருடமே அதை விற்று ஒரு பழைய .30-06 வாங்கினேன். அன்றிலிருந்து அதே துவக்குதான். 180 கிரெயின், அதாவது 11.7 கிராம் குண்டு, குழாய் வாயிலிருந்து நொடிக்கு 820 மீட்டர் வேகத்தில் புறப்படும். 100 மீட்டருக்குக் குறி சரிசெய்து வைத்தால் 200 மீட்டரில் சுமார் நான்கு அங்குலம் கீழே இறங்கும். நமது காட்டில் பெரும்பாலும் நூறு மீட்டருக்குள்தான் வெடி வைப்போம். மரம் வெட்டிய வெளியில்தான் 200 வரும்.

காலிபரைவிடக் குண்டுக்கு அதிகம் யோசியுங்கள். 1946 இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜோன் நோஸ்லர் என்ற அமெரிக்கர் ஒரு மூஸைச் சுட்டார். அதன் தோலில் சேறு பொருக்காகக் காய்ந்திருந்தது. அவர் கையில் இருந்தது .300 எச் அண்ட் எச் மக்னம், சாதாரணத் துவக்கே அல்ல. ஆனாலும் குண்டுகள் ஆழம் போகாமலே சிதறின. பலம் இருந்தது, குண்டு தாங்கவில்லை. அதற்குப் பிறகுதான் 1948 இல் நடுவே உலோகத் தடுப்பு வைத்த பார்ட்டிஷன் குண்டைச் செய்தார். முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் உள்ளே போகும். மானுக்கென்று செய்த மெல்லிய உறைக் குண்டு மூஸின் தோள் எலும்பில் பட்டால் இன்றும் அதே கதிதான். ஆகவே பார்ட்டிஷன், அல்லது ஈயமும் உறையும் பிரியாமல் ஒட்டிய குண்டு, அல்லது முழுச் செம்புக் குண்டு எடுங்கள். என் வீட்டில் பேரப்பிள்ளைகள் இந்த இறைச்சியைச் சாப்பிடுகிறார்கள், ஈயத் துணுக்கு வேண்டாம் என்று நான் செம்புக்கு மாறிவிட்டேன். செம்பு ஈயத்தைவிடப் பாரம் குறைந்த உலோகம், அதனால் 165 கிரெயின் எடுத்தால் போதும்.

வெடி வைக்கும் இடம்: பக்கவாட்டில் நிற்க வேண்டும். முன்காலின் பின்விளிம்போடு மேலே போய், உடம்பு உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் குறி வையுங்கள். இரண்டு நுரையீரலும் துளைபடும். மூஸ் உடனே விழாது. ஒன்றும் நடக்காததுபோல நிற்கும், மெல்ல நடக்கும். தவறிவிட்டது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், அது விழாமல் நிற்கும்வரை இன்னொரு வெடி வையுங்கள். தண்ணீருக்குள் நிற்கும் மூஸைச் சுடவே சுடாதீர்கள். நானூறு கிலோவை ஏரியிலிருந்து இழுப்பது நான்கு பேரால் ஆகிற வேலை அல்ல.

பதில்: ஃபின்மார்க்_தமிழன்

நோர்வேயில் இருந்து எழுதுகிறேன். இங்கே மூஸை எல்க் என்றுதான் சொல்வோம். என் பக்கத்து வீட்டு முதியவர் 6.5×55 இலேயே வாழ்நாள் முழுக்கச் சுட்டவர். 1894 இல் கிராக் யோர்கென்சன் துவக்கோடு வந்த தோட்டா அது, 10 கிராம் குண்டு, உதை மிகக் குறைவு. சட்டத்திலும் காலிபர் பெயர் முக்கியமில்லை. குண்டின் எடையும் 100 மீட்டரில் மிஞ்சியிருக்கும் சக்தியும்தான் கணக்கு. அதற்கு மேல், பெரிய மிருகம் சுடுகிற எல்லாரும் ஒவ்வொரு வருடமும் சுடும் சோதனை தேற வேண்டும்: 100 மீட்டரில் ஐந்து வெடி, ஐந்தும் 30 சென்டிமீட்டர் வட்டத்துக்குள். உங்கள் ஊரில் கேட்காவிட்டாலும் நீங்களே இதைச் செய்து பாருங்கள்.

கேள்வியாளர்: தண்டர்பே_புதியவன்

எல்லாருக்கும் நன்றி. அண்ணை, இன்னும் ஒன்று. .308 க்கும் .30-06 க்கும் நடுவில் நிற்கிறேன். .308 இலேசாக இருக்கிறது.

பதில்: நிப்பிகன்_அண்ணை

ஒரே எடைக் குண்டுக்கு .30-06 நொடிக்கு முப்பது மீட்டர் போலத்தான் கூட ஓடும். நூறு மீட்டரில் மூஸுக்கு அது தெரியாது. கனடிய இராணுவத்தின் துணைப் படையான ரேஞ்சர்கள் வடக்கில் பல பத்தாண்டுகள் .303 சுமந்து, இப்போது .308 க்குத்தான் மாறியிருக்கிறார்கள். அந்த .303 இல் விழுந்த மூஸ் இந்த மாகாணத்தில் எத்தனையோ. இரண்டுக்கும் சின்ன ஊர்க் கடையிலும் தோட்டா கிடைக்கும். ஆனால் ஒன்று, துவக்கு இலேசானால் உதை கூடும். மூன்றரைக் கிலோவுக்குக் குறையாததாகப் பாருங்கள், பின்பக்கம் நல்ல றப்பர் மெத்தை இருக்கட்டும். ஸ்கோப்போடு (குறிபார்க்கும் தொலைநோக்கி) பார்த்து, தோளில் வைத்ததும் கண் நேரே போய் நிற்கிறதா என்று கவனியுங்கள்.

மிச்சக் காசில் தோட்டா வாங்குங்கள், குறைந்தது ஐந்து பெட்டி. மேசையில் வைத்துச் சுடுவது குறி சரிசெய்ய மட்டும். பிறகு நின்றும் முழந்தாளிட்டும் சுட்டுப் பழகுங்கள், ஒரு நாளில் பதினைந்துக்கு மேல் வேண்டாம். இடையிடையே நண்பர் ஒருவர் உங்களுக்குத் தெரியாமல் வெற்றுத் துவக்கைத் தரட்டும். விசையை இழுக்கும்போது குழாய் அசைந்தால் பயம் இன்னும் போகவில்லை.

குளிரில் துவக்கைச் சூடான கூடாரத்துக்குள் கொண்டுவராதீர்கள், வியர்த்து ஈரம் பிடித்து மறுநாள் உறைந்துவிடும். தோட்டாவைக் கழற்றிவிட்டு வாகனத்தில் பூட்டி வையுங்கள். எண்ணெயைத் துடைத்து எடுங்கள்.

சனிக்கிழமை நான் சுடுதளத்தில் நிற்பேன். வாங்குமுன் என்னுடைய .30-06 ஐயும் மகனின் .308 ஐயும் சுட்டுப் பாருங்கள்.

கேள்வியாளர்: தண்டர்பே_புதியவன்

வருகிறேன் அண்ணை. 30 சென்டிமீட்டர் வட்டம் வெட்டி எடுத்து வருகிறேன்.