மறு: கணப்புக்குப் பாரசீக ஓட்டு வேலை: கலைச்சொல் என்ன?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். கணப்பைச் (குளிர்காயச் சுவரில் கட்டும் அடுப்பு) சுற்றிப் பதிக்கும் பாரசீக ஓடுகளுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சைத் தொடர்கிறேன்.

> “அலங்கார ஓடு” என்று வைத்துவிட்டுப் போகலாமே, ஐயா?

போகலாம்தான் அம்மா. எனக்கு இடிப்பது ‘ஓடு’. ஓடு என்றதும் சுட்ட களிமண்தான் கண்முன் வருகிறது. பாரசீகர்கள் ‘காஷி’ என்னும் மெருகிட்ட ஓட்டில் களிமண் ஒப்புக்குத்தான் இருக்கிறது. ஈரானின் கஷான் நகரத்துக் குயவர் குடும்பத்தில் வந்த அபுல் காசிம் 1301-இல் எழுதிவைத்த செய்முறையில் பத்துப் பங்கு படிகக்கல் பொடி, ஒரு பங்கு கண்ணாடிப் பொடி, ஒரு பங்கு வெள்ளைக் களிமண். பன்னிரண்டில் ஒன்றுதான் மண்! மேலே உருக்கிப் படியவிட்ட மெருகும் கண்ணாடிதான். ஊரின் பெயரே ‘காஷி’ என்று பொருளுக்கு வந்துவிட்டது.

இலக்கணத் தொல்லை வேறு. “காஷியோடு கணப்பு” என்று எழுதிப் பாருங்கள். காஷி ஓட்டால் ஆன கணப்பா, காஷியுடன் சேர்ந்த கணப்பா? ‘மெருகோடு’ என்ற பரிந்துரைக்கும் இதே கதி. “மெருகோடு பதித்தார்” என்றால் வேலை நேர்த்தியாக இருந்தது என்றுதான் யாரும் படிப்பார்கள். ஷகரத்தை விட்டுக் ‘காசி’ என்று எழுதினால் கங்கைக்கரைக்கே போய்விடுவோம்.

என் பரிந்துரை ‘வில்லை’. கற்பூர வில்லை நமக்குத் தெரியும், வாழைக்காயை வில்லை வில்லையாக நறுக்குகிறோம். தட்டையாக, அளவாக இருப்பது என்ற பொருள் சொல்லிலேயே இருக்கிறது. லென்ஸுக்கும் அதைத்தானே வைத்திருக்கிறோம் என்பீர்கள். ‘மெருகு வில்லை’ என்றால் குழப்பம் வராது.

ஆனால் எல்லாவற்றுக்கும் வில்லை பொருந்தாது. வெவ்வேறு நிறத்தில் சுட்ட பலகைகளை உளியால் சிறுசிறு துண்டாகக் கொத்தி, கோலம்போல் அடுக்கும் முறைக்கு அங்கே ‘முஅர்ரக்’ என்று பெயர். இதற்குச் ‘சில்லுப் பதிப்பு’ சரியாக இருக்கும். இன்னொன்று ‘ஹஃப்த் ரங்’, அதாவது ஏழு வண்ணம். ஒரே வில்லையில் பல நிற மெருகு தீட்டி ஒரே சூளையில் சுடுவார்கள். உருகும்போது நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று ஓடிவிடாமல் இருக்க, எண்ணெய்ப்பசையில் மாங்கனீசு குழைத்துக் கருங்கோடு இழுப்பார்கள். பசை எரிந்துபோகும், கோடு நிற்கும். இஸ்பகானில் 1611-இல் தொடங்கிய ஷா பள்ளிவாசலின் பெரும்பரப்பு இந்த முறைதான். கொத்தி அடுக்க நேரமில்லை. இதை ‘ஏழ்வண்ண வில்லை’ எனலாம்.

> கணப்புக்கு அவர்கள் சொல் என்ன?

‘புகாரி’. நீராவியைக் குறிக்கும் ‘புகார்’ வழியே வந்த சொல். அதே பெயரில் சென்னையில் உணவகம் இருப்பதால் நம் காதுக்குப் பிரியாணிதான் மணக்கும், ஆகவே வேண்டாம். நெடுநல்வாடையில் வரும் ‘தடவு’ அழகானது, ஆனால் அது தூக்கிவைக்கிற நெருப்புச்சட்டி. சுவரில் கட்டிய அடுப்புக்குக் ‘கணப்பு’ போதும். அதன் வாயைச் சுற்றிய சட்டத்துக்குக் ‘கணப்பு முகப்பு’. இந்த இடத்தில் வில்லைக்கு அழகு மட்டும் வேலையில்லை. தீப்பொறி பட்டால் எரியாது, புகைக்கரியைத் துணியால் துடைத்துவிடலாம்.

‘பாரசீக’ என்ற அடைமொழியிலும் கவனம் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் துருக்கியின் இஸ்னிக் நகரத்து ஓட்டு வேலையையும் ‘பாரசீகம்’ என்றே அழைத்தார்கள். ஆங்கில ஓட்டுக் கலைஞர் வில்லியம் டி மோர்கன் அங்குள்ள வீட்டுக் கணப்புகளுக்குச் செய்த நீல, பச்சை வில்லைகளை ‘பாரசீக வண்ணம்’ என்று விற்றது அந்தப் பழக்கத்தில்தான். ஆகவே பாணிக்குப் ‘பாரசீகப் பாணி’, ஈரானில் செய்ததற்கு மட்டும் ‘காஷி’ என்று பிரித்துவிடுவோம். தெஹ்ரானில் அலி முகம்மது இஸ்பஹானி 1880களில் செய்தவை ஐயமற்ற காஷி. தந்தித் துறை அதிகாரி ராபர்ட் மர்டாக் ஸ்மித் அவரிடம் வேலை கொடுத்தார். அலி முகம்மது தம் செய்முறையை விளக்கிய சிறுநூல் 1888-இல் எடின்பரோவில் ஆங்கிலத்தில் வெளிவந்தது.

மெருகில் விழும் நுண்விரிசலுக்கு ‘மயிர்வெடிப்பு’ என்கிறேன். புடைப்பாக வார்த்த குதிரைவீரன் வில்லைக்குப் ‘புடைப்பு வில்லை’ சரிதானா? எனக்கு அது சற்றே சப்பையாகப் படுகிறது. தச்சுவேலை தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

அன்புடன்