மலிவு நோட்டும் மைப்பேனாவும்: உங்களுக்கு எது ஒத்துவந்தது?

மைப்பேனாவுக்குத் திரும்பி இரண்டு வருடம் ஆகிறது. பேனா வாங்கியதோடு செலவு முடிந்தது என்று நினைத்தேன். வீட்டில் கிடந்த கோடு போட்ட நோட்டை எடுத்து எழுதினால் மை கோட்டை விட்டுக் கசிந்து ஒவ்வொரு எழுத்துக்கும் மீசை முளைத்தது. ‘ன’ எது, ‘ண’ எது என்று எனக்கே தெரியவில்லை. தாளைத் திருப்பினால் பின்பக்கம் முழுக்கப் புள்ளி புள்ளியாக மை.

சரி, மெல்லிய தாள்தான் காரணம் என்று அட்டையில் 100 ஜி.எஸ்.எம். என்று போட்டிருந்த நோட்டை வாங்கினேன். மை பின்பக்கம் இறங்குவது நின்றது. மீசை மட்டும் அப்படியே இருந்தது. அப்புறம்தான் விஷயம் புரிந்தது. ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்ற கணக்கு, அவ்வளவே. மை ஊறுமா நிற்குமா என்பது தாள் செய்யும்போது ஸ்டார்ச், ரோசின் போன்றவற்றைச் சேர்க்கிற பக்குவத்தில் இருக்கிறது. ‘சைஸிங்’ என்பார்கள். அது குறைந்தால், திரி எண்ணெயை இழுப்பதுபோல நார்கள் மையை இழுத்துக்கொள்ளும். மைப்பேனாக்காரர்கள் புகழ்கிற ஜப்பானிய டோமோயே ரிவர் தாளில் ஒரு ரகம் வெறும் 52 ஜி.எஸ்.எம்.தான், மறுபக்க எழுத்து நிழலாகத் தெரியும், ஆனால் மை இறங்காது. அது மலிவு இல்லை என்பதால்தான் இந்தப் பேச்சே.

இப்போது எந்த நோட்டானாலும் முதலில் ஒன்றுதான் வாங்குகிறேன். கடைசிப் பக்கத்தில் என் பேனாவாலேயே ஒரு வரி எழுதுவேன். நிப்பை ஓர் இடத்தில் வைத்து மூன்று எண்ணுவேன். குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கிழிப்பேன். ஒரு நிமிடம் கழித்துத் திருப்பிப் பார்ப்பேன். இப்படித் தேறிய ஒரு சாதாரண நோட்டு அருமையாக இருந்தது. ஆனால் அது தீர்ந்து மூன்று மாதம் கழித்துப் போய் அதையே ஆறு வாங்கினேன். அட்டை அதே, தாள் வேறு! ஆறும் ஊறின. தேறினால் அன்றைக்கே போய் அதே கட்டிலிருந்து மிச்சத்தையும் அள்ளிக்கொள்ள வேண்டும் என்பது அப்போது படித்த பாடம்.

உங்கள் கதைகளையும் சொல்லுங்கள்.

* * *

நான் நோட்டை மாற்றவே இல்லை, பேனாவை மாற்றினேன். வேலையிடத்தில் தரும் நோட்டில்தான் எழுதியாக வேண்டும், வேறு வழி இல்லை. முதலில் என்னிடம் இருந்தது மீடியம் நிப். மையும் தாராளமாக ஓடுகிற ரகம். இரண்டும் சேர்ந்து அந்தத் தாளைக் குளிப்பாட்டின. அப்புறம் ஜப்பானியப் பேனா ஒன்றில் ஃபைன் நிப் வாங்கினேன். அவர்களுடைய ஃபைன் பொதுவாக ஐரோப்பிய ஃபைனை விட மெல்லியது. மையை பெலிக்கன் 4001-க்கு மாற்றினேன். கொஞ்சம் வறட்சியாக ஓடும், சிலருக்கு அது பிடிக்காது. என் நோட்டுக்கு அதுதான் மருந்தாக இருந்தது. மீசை முக்கால்வாசி போய்விட்டது.

மீதிக்காக அயர்ன் கால் மையும் முயன்றேன். ஒரு காலத்தில் மாசிக்காயிலிருந்து எடுத்த டானினையும் இரும்பு உப்பையும் சேர்த்துச் செய்தார்களே, அந்த வகை. மட்டமான தாளிலும் கோடு கத்தி மாதிரி நிற்கிறது, காய்ந்த பின் இன்னும் கறுக்கிறது. ஆனால் அமிலத்தன்மை உள்ள மை. பேனாவில் ஊற்றிவிட்டு வாரக்கணக்கில் மறந்துவிடக் கூடாது. நான் மறந்தேன். நிப்பைக் கழுவி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

* * *

நான் இடக்கைக்காரன், ஆகவே எல்லோரும் புகழ்கிற வழவழப்புத் தாள்தான் எனக்கு எமன். மை உள்ளே போகாமல் மேலேயே நிற்கும். நிறம் அழகுதான், காய்வதற்குள் என் கை அதன் மேல் ஊர்ந்து போய்விடுமே. ஒரு முழு நோட்டு அப்படிப் பாழானது. சுண்டுவிரல் பக்கம் நாள் முழுக்க நீலம். எனக்கு வேண்டியது கொஞ்சம் சொரசொரப்பாக, கொஞ்சம் உறிஞ்சுகிற, நீங்கள் எல்லோரும் ஒதுக்குகிற அந்த மலிவு நோட்டு. மெல்லிய நிப்போடு அது சட்டென்று காய்கிறது. லேசான மீசைக்கு நான் பழகிவிட்டேன்.

* * *

ஒரே பக்கத்தில் மேல் பாதி சுத்தமாகவும் கீழ்ப் பாதி திட்டுத் திட்டாக மை பிடிக்காமலும் இருந்தால் நோட்டைத் திட்டாதீர்கள். கையின் எண்ணெய்ப் பசையாக இருக்கலாம். நான் இரண்டு நோட்டைத் தூக்கிக் கொடுத்த பிறகு கண்டுபிடித்தேன், குற்றவாளி நான் பூசுகிற கிரீம். இப்போது கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள்.

* * *

நானே தைத்துக்கொள்கிறேன். உதிரித் தாளில் நல்லது கிடைப்பது நோட்டில் கிடைப்பதை விட எளிது. ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் கட்டு முழுக்க எப்படி என்று தெரிந்துவிடும். சாதாரண 80 ஜி.எஸ்.எம். நகல் தாளில் சில நன்றாகவே தாங்குகின்றன, சில மை ஒற்றும் தாள் மாதிரி குடிக்கின்றன. 120 ஜி.எஸ்.எம். லேசர் பிரிண்டர் தாள் எனக்கு ஏமாற்றம் தந்ததில்லை, ஆனால் நோட்டு செங்கல் மாதிரி ஆகிவிடும்.

ஏ4 தாள் பத்தை மொத்தமாக மடித்தால் ஏ5 அளவில் 40 பக்கம். நடு மடிப்பில் ஐந்து துளை போட்டு மெழுகு நூலால் தைத்தால் போதும், இரண்டாவது நோட்டிலிருந்து கால் மணி நேர வேலை. முதல் முயற்சியில் 25 தாளை ஒன்றாக மடித்தேன். நோட்டு மூடவே இல்லை, வாயைப் பிளந்துகொண்டு நின்றது. ஏ4 தாளில் நார் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும், நாம் அதற்குக் குறுக்காக மடிக்கிறோம், அதனால் அது முரண்டு பிடிக்கிறது. குறைந்த தாள், நகத்தால் அழுத்திய மடிப்பு, ஓர் இரவு கனமான புத்தகங்களுக்கு அடியில். இப்போது அடங்கிப் படுக்கிறது. கோடு வேண்டுமென்றால் அச்சிட்டுவிட்டுத் தைக்கலாம், எனக்கு அதற்குப் பொறுமை இல்லை.

* * *

நான் எல்லா மலிவு நோட்டிலும் வலப்பக்கம் மட்டும் எழுதுகிறேன். இடப்பக்கம் பென்சிலுக்கு. பிரச்சினை முடிந்தது. தாள் இரண்டு மடங்கு செலவாகிறதே என்று கேட்காதீர்கள்.

* * *

முதலில் எழுதியவன்தான் மறுபடியும் வந்திருக்கிறேன். மேலே சொன்னதைப் படித்துவிட்டு, ஒதுக்கி வைத்திருந்த 100 ஜி.எஸ்.எம். நோட்டை எடுத்து மெல்லிய நிப்பில், வறண்ட மையில் எழுதிப் பார்த்தேன். ‘ண’ தெரிகிறது! சுழிகள் எண்ணக்கூடிய அளவுக்குத் தெளிவு. ஊறிய அந்த ஆறு நோட்டுகளில் ஒன்றிலும் முயன்றேன், அங்கே பெரிய மாற்றம் இல்லை. இடக்கை நண்பரே, மீதி ஐந்து உங்களுக்கு வேண்டுமா? சட்டென்று காயும் என்பதற்கு நான் பொறுப்பு.